அச்சில் ஒடிந்த கை

அடிவாரத்து முந்தல் ஊரைத் தாண்டி ஜீப்பு மலையேறத் தொடங்கியதும், ஓட்டிக்கொண்டிருந்த பாண்டித்துரை சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு புத்தகத்தை உருவிப் பின்னால் நீட்டினான்.

"அனுப்பிரியா, பன்னெண்டாவது அத்தியாயத்தச் சத்தமாப் படி ஆத்தா. எங்க வீட்டுக் கதை. பாஸ்டரய்யா குடுத்தாரு, நானே இன்னும் பாக்கல."

முன்சீட்டில் அவனை ஒட்டி உட்கார்ந்திருந்த அவன் மனைவி செல்லத்தாய் அட்டையைப் பார்த்தாள். 'கண்ணீர் துடைக்கப்பட்ட குடும்பங்கள்'. நேற்று ஆராதனை முடிந்து சபையில் கொடுத்த இரண்டு பிரதிகளையும் அவள் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். மூன்றாவது ஒன்று ஜீப்பில் கிடப்பது அவளுக்குத் தெரியாது.

"இந்த வளைவுல படிச்சா அந்தப் பிள்ளைக்குக் குமட்டாதா? வேணாம்ங்க."

"அவ பஸ்சுல நின்னுக்கிட்டே பரீட்சைக்குப் படிக்கிறவ," என்றாள் பின்னாலிருந்த ஜக்கம்மாள். "நீ படி ஆத்தா. இவ கதையில அப்படி என்னதான் இருக்குன்னு கேப்போம். எங்களுக்குத் தெரியாம எவனாச்சும் ராசா வந்து பொண்ணு கேட்டானா?"

பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். ஏலக்காய் எடுக்கப் போகிற பதினோரு பேர். தூக்குவாளிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

எட்டு மாதத்துக்கு முன்பு ஒரு சாட்சி ஞாயிறு; கர்த்தர் தங்களுக்குச் செய்ததை ஒவ்வொருவராக எழுந்து சொல்லும் நாள். செல்லத்தாய்க்கு முன்னால் எழுந்த காளீஸ்வரி, புருசன் மண்ணெண்ணெயை ஊற்றித் தீக்குச்சி தேடியதைச் சொன்னாள். தகரக் கூரைக்குக் கீழே மொத்தச் சபையும் அழுதது. அடுத்து செல்லத்தாய் எழுந்தாள். அவளிடம் இருந்தது சின்னக் கதை. பாண்டித்துரை குடித்தான்; அவள் ஜெபித்தாள்; குடியை விட்டான். குடித்த நாட்களிலும் அவன் கை நீட்டியவனில்லை. வந்து சுருண்டு படுப்பான், விடிந்தால் முந்தின நாள் எதுவும் நினைவிருக்காது. சொல்லச் சொல்ல, அழுதவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு விசிறத் தொடங்குவதைப் பார்த்தாள். மாவுக்கட்டுப் பிரித்துப் பத்து நாள்கூட ஆகாத அவளுடைய இடது கை சூம்பிப்போய்த் தெரிந்தது. அவன் குடியை விடுவதற்குச் சில நாள் முன்பு, ஈரச் சரிவில் தனியாகக் காய் எடுக்கும்போது வழுக்கி விழுந்து ஒடிந்த கை. முன்வரிசையில் ஒருத்தி அதையே பார்த்தாள். "இந்தக் கையை ஒடிச்சதே அவர்தான்" என்று வாய் சொல்லிவிட்டது. எழும்பிய ஸ்தோத்திரச் சத்தத்தில் உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்போதெல்லாம் பாண்டித்துரை சபைக்குள் வரமாட்டான். வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுவான். சொன்னது அன்றோடு காற்றில் போய்விட்டது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். பாஸ்டர் செல்போனில் பதிவு செய்ததை யார் கவனித்தார்கள்? இப்போது ஐந்து மாதமாக, ஆண்கள் பக்கம் மூன்றாம் வரிசையில், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு அவன் உட்கார்கிறான்.

அனுப்பிரியா படித்துக்கொண்டே வந்தாள். ஒரு வரியில் குரல் நின்றது.

"ஏன் நிறுத்திட்ட? படி," என்றான் பாண்டித்துரை.

"'ஒரு நாள் குடிவெறியில் என் கணவர் என் இடது கையை முறித்துப் போட்டார். ஆனாலும் நான் அவருக்காக ஜெபிப்பதை விடவில்லை.'"

பாண்டித்துரை இரண்டு வளைவுகளை ஏற்றினான்.

"அத்தியாய முடிவுல கேள்வி இருக்கு," என்றாள் அனுப்பிரியா, பேச்சை மாற்றுகிறவள்போல. "'கணவனும் மனைவியும் சேர்ந்து பேசுவதற்கு. நீங்கள் இன்னும் மன்னிப்புக் கேட்காத காரியம் எது?'"

அவன் ஜீப்பை ஓரங்கட்டினான். இன்ஜினை அணைக்கவில்லை.

"நாந்தானா அது?" என்றான். செல்லத்தாய் பக்கம் திரும்பினான். "சரிவுல வழுக்கிருச்சுன்னுதான சொன்ன? எனக்காகவா மறைச்ச?"

"ஐயோ, இல்லங்க. வழுக்கித்தான் விழுந்தேன். சாமி சத்தியமா."

"அப்ப புத்தகத்துல?"

"நாந்தான் சபையில பொய் சொன்னேன். ஒரு வேகத்துல வந்துருச்சு."

அவன் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினான், மெதுவாக. சின்னப்பிள்ளை பொய் சொல்லும்போது ஆட்டுவதுபோல. "கர்த்தர் சன்னிதியில யாராச்சும் பொய் சொல்வாங்களா? எனக்குத்தான் எதுவும் ஞாபகம் இருக்காதே. என்னை மன்னிச்சிரு தாயி."

"பாத்தீகளா," என்றாள் ஜக்கம்மாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இம்புட்டு நடந்தும் புருசன விட்டுக்குடுக்குறாளா பாரு. மகராசி."

"மதினி, நெசமா நான் பொய்தான்..."

"சும்மாருடி. அதுதான் அச்சுல ஏறிருச்சுல்ல."

யாரோ பின்னாலிருந்து அவள் தோளைத் தடவிக்கொடுத்தார்கள். அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போலிருந்தது. வியாழக்கிழமை உபவாச ஜெபத்தில் எழுந்து எல்லார் முன்னாலும் சொல்லிவிடலாமா? சொன்னால் அதற்கும் ஸ்தோத்திரம் சொல்வார்கள் என்று தோன்றியது.

ஜீப்பு மறுபடி நகர்ந்தது. மேலே மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வளைவு செங்குத்து. கியரை இறக்காமல் ஏற முடியாது. கியர்த் தடி அவளுடைய முழங்காலில் சாய்ந்து நின்றது. தினமும் கியர் போடும்போது அவன் கைமுட்டி அவள் முழங்காலில் இடிக்கும், இருவருமே கவனிக்க மாட்டார்கள். இன்ஜின் திணறியது. வண்டி முழுக்க அதிர்ந்தது.

"கியரப் போடுங்க," என்றாள்.

அவன் இடது கையை ஸ்டீரிங்கிலிருந்து எடுத்தான். அது அவளுடைய முழங்காலுக்கு மேலே, ஒரு விரற்கடை உயரத்தில், இறங்காமல் நின்றது.