ஷட்டரில் வராத கால்கள்

வக்திக்கு இடுப்புக்கு மேலே ஆண்டவன் அள்ளிக் கொடுத்திருந்தான். தோள் இரண்டும் வாசலை அடைக்கும். மூச்சு இழுத்தால் சட்டைப் பித்தான் தெறிக்கும். இடுப்புக்குக் கீழே வந்தபோதுதான் கையைச் சுருக்கிக்கொண்டான். கெண்டைக்கால் இரண்டும் துடைப்பக் குச்சி. கெய்ரோவில், ஷுப்ரா பேட்டையின் அந்தத் தெருவில் இதை அறியாத ஆளில்லை. ஜிம் நடத்தும் கேப்டன் ஷவ்கி, அதன் இரும்பு ஷட்டரில் வக்தியை வரையச் சொன்னபோது பெயின்டரிடம் பச்சையாகவே சொல்லிவிட்டார்.

"இடுப்போட நிறுத்திக்கப்பா. அதுக்குக் கீழ போனா வர்றவனும் வரமாட்டான்."

மேல்பாதியில் மார்பை விரித்து நிற்கும் வக்தி; கீழ்ப்பாதி வெறும் நீலப் பெயின்ட். தினமும் அந்த ஷட்டரைத் தூக்கித் திறக்கிறவனும் அவன்தான். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

"பேட்டை ஆணழகன் போட்டியில கெண்டைக்காலுக்குன்னு ஒரு கோப்பை தர்றான்ல, அதை வாங்கிட்டு வா. மறுநாளே பாதம் வரைக்கும் வரைஞ்சிடலாம்" என்றார் கேப்டன்.

வக்தி வெறி பிடித்தவனானான். ஜிம்மில் இருந்த கால் இயந்திரம் துருப்பிடித்துப் போனதால், காலையில் ரொட்டிக்கு நிற்கும் வரிசையே அவனுக்குப் பயிற்சிக் கூடமாயிற்று. குதிகாலைத் தூக்கு, இறக்கு. தூக்கு, இறக்கு.

இங்கேதான் வினை. ரொட்டிக் கடையின் ஜன்னல் உயரத்தில் இருக்கிறது. முன்னால் நிற்பவன் எக்கினால், சூடாக ரொட்டி வந்துவிட்டது என்று பொருள். ஏன் எக்குகிறாய் என்று கேட்டுக்கொண்டிருப்பவனுக்கு ஆறிப்போனதுதான் மிஞ்சும். ஆகவே வக்தி எக்கியதும், பின்னால் நின்ற இஸ்திரிக்காரர் ஃபர்காலி எக்கினார். அவர் எக்கியதும் தெருமுனை வரைக்கும் வரிசை மொத்தமும் எக்கியது.

"என்னடா தெரியுது?"

"ஒண்ணும் தெரியலண்ணே. கால வளர்க்கறேன்."

"சொல்ல மாட்டியே. நீ மட்டும் சூடா வாங்கிட்டுப் போயிடணும்."

எத்தனை சொல்லியும் கேட்கிற ஜென்மங்களா? வக்தி இறங்கிவிட்டாலும் அவர்கள் இறங்குவதில்லை. நுனிக்காலில் நின்று ஜன்னலையே பார்ப்பார்கள். நம்பிக்கை போன பிறகுதான் மெல்ல மெல்லக் குதிகால் தரைக்கு வரும். அதற்குள் அவன் மறுபடி எக்கிவிடுவான்.

எடை ஏற்றாமல் சதை ஏறாது என்றார் கேப்டன். வக்தி வீட்டு எரிவாயு சிலிண்டரைத் தோளில் சுமந்துகொண்டு வரிசைக்கு வந்தான். மறுநாள் பார்த்தால் பாதி வரிசை தோளில் சிலிண்டரோடு நிற்கிறது.

"சிலிண்டர் வண்டி இங்கதான் வருதாம்" என்றார் ஃபர்காலி.

"யாருண்ணே சொன்னா?"

"யாரு சொல்லணும்? நீ தூக்கிட்டு வந்தியே. விஷயம் இல்லாம எவனாவது சிலிண்டரத் தூக்குவானா?"

வண்டி வரவில்லை. ஆனால் தெருவே மாதக்கணக்கில் விடாமல் தூக்கிக்கொண்டு வந்தது. ஒருநாள் தூக்காத அன்று வண்டி வந்து தொலைத்தால் யார் பொறுப்பு?

போட்டி நாள் மாலை சரியான புழுக்கம். தெருக்காரர்கள் அங்கியை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, முன்வரிசையை வளைத்து நின்றார்கள். வக்தி எண்ணெய் பளபளக்க மேடையேறி, முதுகைக் காட்டித் திரும்பி, குதிகாலைத் தூக்கினான்.

பழக்க தோஷம். தெரு மொத்தமும் எக்கியது.

நடுவர் சலசலப்புக் கேட்டுத் திரும்பினார். அப்படியே வாயைப் பிளந்தார். வரிசை வரிசையாக ஆடுசதை, ஒவ்வொன்றும் பக்கத்துக்கொரு தேங்காய்மூடியாகப் புடைத்துக்கொண்டு நின்றது. ஒருவரும் இறங்குகிற மாதிரி இல்லை.

"இவங்கள்லாம் எந்த ஜிம்மு?"

"ரொட்டி வரிசைங்க" என்றது யாரோ ஒரு குரல்.

ஃபர்காலியை மேடைக்கு இழுத்துக் கோப்பையைக் கையில் திணித்தார்கள். மனுஷன் அதற்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "ரொட்டி எங்க?" என்றார். வக்தி சட்டையைக்கூட மாட்டாமல் வீட்டுக்கு நடந்தான். அழுதான். அவ்வளவு பெரிய மார்பு குலுங்கக் குலுங்க அழுததைத் தெரு பார்த்தது.

"நீ துள்ளுற. அவங்க நிக்கறாங்க" என்றார் கேப்டன், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு. "உச்சியில நிறுத்தி மெதுவா இறக்கணும்னு தலைப்பாடா அடிச்சிக்கிட்டேன். உனக்குக் கோப்பை மேல கண்ணு. அவங்களுக்கு ரொட்டி மேல கண்ணு."

மறுநாள் ஃபர்காலி வந்தார், கையில் கோப்பை.

"ஷட்டர்ல உனக்குக் கீழ என் காலை வரையப் போறாராம் உங்க கேப்டன். உன்னைக் கேக்காம ஆகாதுன்னுட்டேன்."

"உங்க காலுண்ணே. என்னை எதுக்குக் கேக்கறீங்க?"

"இத்தனை வருஷம் இஸ்திரிப் பெட்டி முன்னாடி நின்னேன், வளர்ந்துச்சா? நீ தூக்கின, நான் தூக்கினேன். கால் உன்னுதுதான்டா. நான் போட்டுக்கிட்டிருக்கேன், அவ்வளவுதான்."

வக்தி கோப்பையை ஒருமுறை தடவிப் பார்த்தான். "வரையச் சொல்லுங்க" என்றான் கடைசியில்.

பெயின்ட் காய்ந்த அன்று காலை ஷட்டரைத் திறந்தான். புழுதிக் காற்று. அதனால் பாதிக்கு மேல் தூக்கவில்லை. மேலே சுருளுக்குள் முதலில் தலை போயிற்று. பிறகு தோள், மார்பு, எல்லாம் போயிற்று. இஸ்திரிக்காரரின் கால் மட்டும் தெருவுக்குத் தெரியும்படி தொங்கிக்கொண்டு நின்றது.

எதிரே காய்கறி விற்கும் உம் சபா அத்தை கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தாள். "ஏன்டா வக்தி, கடைசில உனக்குக் கால் வந்துடுச்சு போல."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். ரொட்டி வரிசையில் ஃபர்காலி அவனுக்காக முன்னால் ஓர் இடம் விட்டு நின்றுகொண்டிருந்தார்.

"வந்துடுச்சு அத்தே" என்றான்.

போய் அந்த இடத்தில் நின்றான். குதிகாலைத் தூக்கினான். இந்த முறை இறக்கவில்லை, ஜன்னலையே பார்த்தான். பின்னால் தெரு மொத்தமும் எக்கியது. கெண்டைக்காலில் முதல்முறையாக நெருப்பு ஏறியது.

"என்னடா தெரியுது?" என்றார் ஃபர்காலி.

"இருங்கண்ணே. வருது."

ரொட்டி வரவில்லை. ஒருவரும் இறங்கவில்லை.