கிராம்பு போட்டேனா?

வெண்டல் கரண்டியை வழித்து நக்கிவிட்டு, "பிரமாதம்" என்றார்.

தெஸ்பா அவரை உற்றுப் பார்த்தாள். வெண்டல் பிரமாதம் என்று சொல்கிற ஆள் இல்லை. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பில் கடைக்காரக் குடும்பம் இறைச்சி தொடாது; அது தொடங்கியதிலிருந்து தினமும் காலையில், சில்லி என்கிற கொத்திறைச்சிக் குழம்பு அண்டாவை அவர்தான் ருசி பார்க்கிறார். கடையில் பரிமாறுகிறவர், கென்டக்கிக்காரர், பாப்டிஸ்ட் சபை, அவருக்கு நோன்பு கிடையாது. கரண்டியை வாயில் வைத்தபடி கூரையைப் பார்ப்பார். பட்டை முந்துகிறது, தக்காளி இன்னும் பச்சையாக இருக்கிறது என்று ஏதாவது ஒரு குறை சொன்ன பிறகுதான் தலையாட்டுவார்.

"மூக்கை உறிஞ்சுங்க பாப்போம்" என்றாள்.

"எதுக்கு?"

"உறிஞ்சுங்களேன்."

உறிஞ்சினார். சேற்றிலிருந்து காலைப் பிடுங்குகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

தெஸ்பா பட்டைத்தூள் டப்பாவைத் திறந்தாள். "கண்ணை மூடுங்க. இது என்ன?"

வெண்டல் டப்பாவுக்குள் முகத்தையே விட்டார். "மிளகாய்த்தூளா?"

அவள் டப்பாவை மூடினாள்.

"உப்பு தெரியுது. புளிப்பு தெரியுது. காரமும் தெரியுது" என்றார் அவசரமாக. "மூணும் சரியா இருக்கு, சத்தியமா. வாசனை மட்டும்தான் நேத்து ராத்திரிலேருந்து வரல. இன்னிக்குப் போய் எப்படி லீவு கேக்கறது, சொல்லு?"

கேட்டிருக்க முடியாதுதான். இன்று பேஸ்பால் பருவத்தின் முதல் ஆட்டம். சின்சினாட்டியில் பாதிப் பேர் வேலைக்குப் போகமாட்டார்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போகமாட்டார்கள். ஊர்வலம் பார்க்க வந்த கூட்டம் சிவப்புச் சட்டையில் நடைபாதையை அடைத்துக்கொண்டிருந்தது. கடைக் கண்ணாடியில் இப்போதே இரண்டு பேர் மூக்கை ஒட்டிக்கொண்டு உள்ளே பார்த்தார்கள்.

கடையை நடத்துவது மாமியார் வசில்கா. கணக்கு வழக்கு எல்லாம் அவளுடைய மூத்த மகன் தனாஸ். தெஸ்பாவின் கணவன் லாரி ஓட்டுகிறான். பாதி நாள் வெளியூர். அண்டா தெஸ்பாவுடையது. அதைத்தான் தனாஸ் எடுத்துவிடப் பார்க்கிறான். தொழிற்சாலையில் சமைத்து, பையில் உறையவைத்து வருகிற சில்லியை வாங்கலாம் என்கிறான். போன ஞாயிறு சாப்பாட்டு மேசையில் வசில்கா தீர்ப்புச் சொன்னாள். முதல் ஆட்டத்தன்று ஒரு தட்டாவது சாப்பிடாமல் திரும்பி வந்தால், திங்கட்கிழமை அந்தத் தொழிற்சாலையோடு ஒப்பந்தத்தில் கையெழுத்து. வராவிட்டால் இந்த வருஷம் அந்தப் பேச்சே கூடாது.

பை வந்துவிட்டால் தெஸ்பாவின் சமையல் சாமான் ஒரு கத்தரிக்கோல்தான். வெட்டி, சூடாக்கி, ஊற்ற வேண்டியது.

சளி பிடித்த மூக்கு மட்டுமே என்றால் அவள் இவ்வளவு பயந்திருக்கமாட்டாள். நேற்று மாலை எல்லாம் வழக்கம்போலத்தான் நடந்தது. பச்சைக் கொத்திறைச்சியைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டுக் கையாலேயே கரைத்து அடுப்பேற்றினாள். வதக்கினால் கட்டி கட்டியாகிவிடும். இந்தக் குழம்புக்கு இறைச்சி மணல் மாதிரி உதிர வேண்டும். தக்காளி, வினிகர் எல்லாம் போட்டு, மசாலாவுக்கு வரும்போது தொலைபேசி அடித்தது. தனாஸ். குளிர்பெட்டியை அளக்க அந்தப் பை சில்லி கம்பெனி ஆள் எப்போது வரலாம் என்று கேட்டான். "எனக்கென்ன தெரியும்?" என்று வைத்தவள், அந்தக் கோபத்திலேயே கிளறினாள், மூடினாள், ஆறவைத்தாள், குளிர்பெட்டியில் தள்ளினாள்.

காலையில் மேலே உறைந்திருந்த கொழுப்பை எடுக்கும்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. பட்டை போட்டது நினைவிருக்கிறது. சட்டைக் கையில் தூள் ஒட்டியிருந்தது. கிராம்பு?

கிராம்புத்தூள் இருப்பது பெரிய ஜாடியில். ஒரு கரண்டி குறைந்தால் கண்ணுக்குத் தெரியாது. அளவுக் கரண்டிகளை வெண்டல் நேற்றே கழுவிக் கவிழ்த்துவிட்டார். முகர்ந்து கண்டுபிடிக்கவும் வழியில்லை. இந்தக் கடையின் சுவரே கிராம்பு மணக்கும். விடியற்காலையிலிருந்து அந்தக் காற்றில் நின்றவள் மூக்குக்கு இப்போது எல்லாம் ஒன்றுதான்.

கிராம்பு விழாமல் இருந்தால் சில்லி வெறும் இனிப்புக் குழம்பு. விழுந்திருந்து இன்னொரு கரண்டி போட்டால் பல் டாக்டர் கிளினிக். சாப்பிடுகிறவன் நாக்கு மரத்துவிடும்.

தெஸ்பா கரண்டியை எடுத்தாள். ஒரு சொட்டு போதும். உதடு வரைக்கும் கொண்டுபோனாள்.

போன நவம்பரில் மகள் லில்யா நிமோனியாவில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வராந்தா சன்னலோரம் நின்று மாதாவிடம் சொல்லியிருந்தாள்: பிள்ளை எழுந்து நடந்தால் அடுத்த பெரிய நோன்பு முழுக்க ஒரு துளி இறைச்சி நாக்கில் படாது. லில்யா இன்று சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு ஊர்வலத்துக்குப் போயிருக்கிறாள்.

கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வெளியில நிக்கிறவன் எவனாவது ஒருத்தனுக்குக் குடுத்துப் பாப்போமா?" என்றார் வெண்டல்.

"அவங்க ஸ்பகெட்டிக்கு மேல, சீஸ் மலைக்குக் கீழ வச்சுச் சாப்பிடறவங்க. தனியா ஒரு வாய் குடுத்தா மருந்து மாதிரி இருக்குன்னுதான் சொல்வாங்க. இது தெரிஞ்ச நாக்கு வேணும்."

அப்போது பின்கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு தனாஸ் வந்தான். கையில் பிஸ்கட் பெட்டி. வெண்டல் அவனைப் பார்த்தார், தெஸ்பாவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "அந்த நாக்கு வந்திருச்சு" என்றார்.

தனாஸ் நோன்பு இருப்பதாகத்தான் அவன் அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள். போன வாரம் பின்பக்கம் நிறுத்தியிருந்த காருக்குள் அவன் சில்லி ஊற்றிய சாசேஜ் பன்னைக் கடித்துக்கொண்டிருந்ததை வெண்டல் பார்த்திருந்தார்.

அவனிடம் ருசி கேட்பது தெஸ்பாவுக்குப் பிடிக்கவில்லை. அண்டா கெட்டால் லாபம் இவனுக்குத்தான். இவன் சரி என்றாலும் நம்ப முடியாது, சரியில்லை என்றாலும் நம்ப முடியாது. ஆனால் வேறு யார்? கல்லாவில் வசில்கா ரொட்டியும் ஆலிவும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நோன்பில் அவள் மீன் வாசனைக்கே முகத்தைத் திருப்புவாள்.

தெஸ்பா கரண்டியை நிரப்பி நீட்டினாள். "ஒரு வாய் பாரு" என்றாள் மெதுவாக. "கிராம்பு போட்டேனான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு."

"நானா?" தனாஸ் கல்லா வரை கேட்கும்படி குரலை உயர்த்தினான். "என்ன தெஸ்பா, நான் நோன்புல இருக்கேன்!"

"என்ன அங்க?" என்றாள் வசில்கா.

"ஒண்ணுமில்லம்மா. அண்டால என்ன போட்டோம்னே உன் மருமகளுக்குத் தெரியலயாம். இதுக்குத்தான் பை வாங்கலாம்னேன்."

வசில்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். "வெண்டல் எங்க போனார்?"

"எனக்கு மூக்கு செத்துப்போச்சு, மிஸ் வசில்கா" என்றார் வெண்டல். பிறகு பொறுக்க முடியாமல், "தம்பி, கார்ல உக்காந்திருக்கிறதா நெனச்சுக்குங்களேன். அங்க மட்டும் எப்படி எறங்குது?" என்றார்.

வெளியே ஒருவன் கண்ணாடியைத் தட்டினான்.

தனாஸின் காது மடல் சிவந்தது. வெண்டலைத் தின்றுவிடுகிறவன்போலப் பார்த்தான். அம்மா பக்கம் திரும்பவே இல்லை. தெஸ்பா நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. தனாஸ் கரண்டியை வெடுக்கென்று பிடுங்கி வாயில் கவிழ்த்தான்.

ஒரு கணம் மென்றான். புருவம் சுருங்கியது.

"கிராம்பு எங்க?" என்றான்.

தட்டில் எதையோ வைக்க மறந்துவிட்டதுபோலத்தான் கேட்டான். கேட்டு முடித்த பிறகே அவனுக்குத் திங்கட்கிழமைக் கையெழுத்து ஞாபகம் வந்திருக்க வேண்டும், வாயை மூடிக்கொண்டான்.

தெஸ்பா ஜாடியைத் திறந்தாள். அளவுக் கரண்டி தூளோடு அண்டாவுக்கு மேலே நின்றது. கொட்டினால் எடுக்க முடியாது.

"நிச்சயமா?"

"என்ன கேள்வி இது?" தனாஸ் சீறினான். "சப்புன்னு இருக்கு. ஜாம் போட்ட கறி மாதிரி. இதையா ஊத்தப்போற? ஊர் சிரிக்கும்!"

கையெழுத்துப் போடத் துடிக்கிறவனுக்கு ஊர் சிரித்தால் இவ்வளவு கோபம் வராது. தெஸ்பா எடுத்துவைத்திருந்த கொழுப்பில் ஒரு கட்டியைச் சின்ன வாணலியில் உருக்கினாள். தூளை அதில் போட்டு, மணம் எழும்பியதும் அண்டாவில் கொட்டிக் கிளறினாள்.

"கதவைத் தெறக்காதீங்க" என்றாள் வசில்கா. "கொதிக்கட்டும்."

கொதித்தது. கண்ணாடியில் தட்டல் கூடிக்கொண்டே போனது. தனாஸ் யாரும் கேட்காமலே இன்னொரு கரண்டி எடுத்தான். "இன்னும் அரைக் கரண்டி." தெஸ்பா போட்டாள். மறுபடி எடுத்தான்.

"இப்ப?"

தனாஸ் கரண்டியைத் தொட்டியில் எறிந்துவிட்டு, நேரே போய் வாசல் தாழ்ப்பாளை அவனே இழுத்தான்.

அதன் பிறகு யாருக்கும் யாரையும் நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. வெண்டல் ஒரு கையில் நாலு தட்டை அடுக்கிக்கொண்டு, ஸ்பகெட்டி, சில்லி, மேலே கை நிறையத் துருவிய சீஸ் என்று ஓட்டினார். நோன்பில்லாத நகரம் முள்கரண்டியின் விளிம்பால் வெட்டி வெட்டிச் சாப்பிட்டது. திரும்பி வருகிற ஒவ்வொரு தட்டையும் தெஸ்பா எட்டிப் பார்த்தாள். வசில்காவும் பார்த்தாள். ஒரு சிறுவன் மட்டும் பாதி வைத்திருந்தான். அவன் அப்பா அதையும் இழுத்து முடித்தார்.

ஆட்டம் தொடங்கியதும் கடை காலியாகிவிட்டது. அண்டாவின் அடி தெரிந்தது.

"எத்தனை நாளா?" என்றாள் வசில்கா, பணத்தை அடுக்கியபடி.

தனாஸ் மேசையைத் துடைப்பதை நிறுத்தவில்லை. "எதும்மா?"

"காரு."

"நோன்பு ரெண்டாவது வாரத்திலேருந்து."

வெண்டல் தும்மலை அடக்கிக்கொண்டு பின்பக்கம் போனார். வசில்கா கல்லாவைச் சாத்தினாள். "பை சில்லி கம்பெனிக்காரனைத் திங்கக்கெழம வர வேண்டாம்னு சொல்லிடு. வெண்டலுக்குச் சளி போற வரைக்கும் காலையில வந்து நீதான் ருசி பாக்கணும். எப்படியும் முறிச்ச நோன்புதானே. அதுக்கு முன்னாடி பாதிரியாரைப் பாத்து எல்லாத்தையும் சொல்லிட்டு வா. சாசேஜையும் சேத்து."

தனாஸ் துணியைப் பிழிந்தான். பிறகு தெஸ்பாவிடம் வந்தான்.

"எத்தனை மணிக்கு?"

"அஞ்சரைக்கு" என்றாள் தெஸ்பா. நாளைய இறைச்சியைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு இரண்டு கையாலும் கரைத்துக்கொண்டிருந்தாள்.

"அவ்வளவு சீக்கிரமா?"

"பை வாங்கியிருந்தா தூங்கியிருக்கலாம், இல்ல?"