குடிக்காதீங்க

எனக்குக் குமட்டுகிற விஷயங்கள் இந்த வீட்டில் இரண்டு. ஒன்று, மாமனாரின் பல் செட். இன்னொன்று, இந்த வாரம் வந்து சேர்ந்த என் மகளின் செப்புக் காசுகள்.

எங்கே பொறுக்கினாளோ தெரியாது. யார் யாருடைய வியர்வையோ, எவன் மூக்கு நோண்டிய விரலோ, எல்லாம் அதில் கறுப்பாக அப்பியிருந்தது. வினிகரில் உப்பைக் கரைத்து ஊறப்போட்டால் பளபளக்குமாம். நாளை வகுப்பில் காட்ட வேண்டுமாம். செய்ததென்னவோ ஒழுங்காகத்தான்: நீச்சல் கண்ணாடி, கையுறை, திறந்த ஜன்னல், 'குடிக்காதீங்க' என்று சீட்டு ஒட்டிய பிளாஸ்டிக் கிண்ணம். ஆனாலும் அந்தத் தண்ணீர் பச்சையும் நீலமுமாகக் கலங்கி, சளி மாதிரி கிடந்தது.

"ஒரே ஒரு கோளாறு வந்தாலும் எல்லாத்தையும் குப்பையில கொட்டிருவேன்" என்று சொல்லிவைத்தேன். அவள் கிண்ணத்தை என் கண்ணில் படாதபடி வாஷ்பேசின் ஓரமாகக் கொண்டுபோய் வைத்தாள்.

மதியச் சாப்பாட்டில் மாமனார் வாயைத் திறக்கவில்லை. உப்பில்லை, வேகவில்லை என்று எதையாவது சொல்லாமல் அவருக்கு ஒரு வாய் இறங்காது. இன்று குனிந்த தலை நிமிராமல் விழுங்கினார். உதடு மட்டும் கோணிக் கோணிப் போனது. மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பொறி தட்டியது. எழுந்து போய்ப் பார்த்தேன். அவருடைய பல் டப்பா காய்ந்து கிடந்தது. வினிகர்க் கிண்ணத்தில், காசுகளுக்கு நடுவே, காலையில் அவர் தின்ற கீரையின் துணுக்கு ஒன்று மிதந்தது. சாப்பாட்டு இடத்துக்குத் திரும்பி வந்தேன்.

"மாமா, பல்லை எதுல ஊறவச்சீங்க?"

"டப்பாலதான்" என்றார். வினிகர் வாடை என் மூக்கு வரை வந்தது.

"சொல்லிடுங்க தாத்தா" என்றாள் மகள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு நின்றது.

"போன மாசம் பல் ஊறுன தண்ணியக் குடிச்சுத் தொலைச்சேன்ல. அதுக்காக எனக்குப் பல் ஊறப்போடத்தான் புதுக் கிண்ணம் வச்சு சீட்டு ஒட்டியிருக்கான்னு நெனச்சேன்மா. நான் குடிக்கலையே, பல்லைத்தானே போட்டேன். அப்புறம் கழுவித்தான் மாட்டுனேன், வாடை போகல. காசு சப்புன மாதிரி இருக்கு, அவ்வளவுதான். பிள்ளையோடதைக் கொட்டிடாதே."

இதற்காகவா இத்தனை நேரம் வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் இந்த மனுஷன்? எனக்கு ஆத்திரமும் அருவருப்பும் சேர்ந்து வந்தன. கையை நீட்டினேன்.

"கழட்டுங்க."

"உனக்குக் குமட்டுமேம்மா."

"குமட்டத்தான் செய்யுது. குடுங்க."

இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் தொடாதது, வழவழவென்று உள்ளங்கையில் விழுந்தது. ஓங்கரித்துக்கொண்டே சோப்பும் பிரஷும் போட்டுத் தேய்த்தேன். மகள் பின்னால் வந்து நின்று, "கொட்டிடவாம்மா?" என்று கேட்டாள்.

"அந்தத் தண்ணிய மட்டும் கொட்டு. அலமாரில புது வினிகர் இருக்கு. சீட்டுல பல்லையும் சேத்து எழுது."

பல்லை அவரிடம் கொடுத்துவிட்டு, சோப்புப் போட்டுத் திரும்பத் திரும்பக் கையைக் கழுவினேன். அவர் வாயின் வெதுவெதுப்பு மட்டும் போகவே இல்லை.