ஒரு பல்லுக்கு ஒரு ஸ்பேனர் செட்

காலை ஏழரை மணிக்குக் கார் ஷெட்டின் ஷட்டர் இறங்கி சாந்தாமணியைப் பிடித்துக்கொண்டது. இடுப்புக்கு மேலே வெளியில். இடுப்புக்குக் கீழே ஷெட்டுக்குள். வீடு கட்டிப் பதினெட்டு வருடம் ஆகிறது. அந்த வயதில் வீடுகள் அடிக்க ஆரம்பிக்கும் என்பது காலனியில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நட்டு தளர்ந்தால் இரும்புக்குக் கோபம் வரும். வேறு காரணம் ஒன்றும் கிடையாது.

மற்றதெல்லாம் முன்பே ஆரம்பித்திருந்தது. குளியலறைக் குழாய் அவள் கணவன் நாச்சிமுத்துவின் புருவத்தைக் கிழித்தது. வாசல் கேட் பால்காரரை இரண்டு முறை அறைந்ததில் அவர் இப்போது தெருவில் நின்றே பாலை வீசிவிட்டுப் போகிறார். கூடத்து ஃபேன் ஒரு மத்தியானம் கீழே இறங்கி, நாச்சிமுத்துவின் முதுகில் மூன்று அடி வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் மேலே ஏறிச் சுற்றியது. எல்லாவற்றையும் அவன் பொறுத்துக்கொண்டான். பொறுத்துக்கொள்கிற ஆள்தான். ஆனால் சாந்தாமணியைப் பிடித்தது அவனால் தாங்க முடியவில்லை. ஷட்டரை ஓங்கி நாலு உதை விட்டான். அது ஒரு அங்குலம் இறங்கியது.

"உதைக்காதீங்க. நீங்க உதைக்கறது எம்மேலதானுங்க இறங்குது" என்றாள் அவள்.

அவள் குப்புறக் கிடந்தபடியே சின்ன வெங்காயத்தையும் அரிவாள்மணையையும் எடுத்து வரச் சொன்னாள். சும்மா கிடக்க அவளுக்கு ஆகாது. நாச்சிமுத்து அரிவாள்மணையை மட்டும் வேண்டாமென்று சொல்லி, வெங்காயத்தையும் ஒரு கிண்ணத்தையும் வைத்தான். நகத்தாலேயே உரிக்கத் தொடங்கினாள்.

இதுவரை அந்த வீட்டுக்கு ஸ்பேனர் தேவைப்பட்டால் பக்கத்து வீட்டு ராஜாமணி அக்காவிடம் வாங்கிக்கொள்வார்கள். ராஜாமணி அக்காவைப் போன மாதம் அவரது மாடிப்படிக் கைப்பிடி அடித்துக் கொன்றுவிட்டது. ஸ்பேனர்களையும் அவரோடு வைத்தே புதைத்தார்கள். அதைப் போய்க் கேட்பது நன்றாக இருக்காது.

நாச்சிமுத்து மோட்டார் பம்ப் கம்பெனியில் அளவு பார்க்கிறவன். இருபத்தாறு வருடமாக அவன் கையில் ஒரு வெர்னியர் இருக்கிறது. முடியின் தடிமன்கூட அதில் சரியாகத் தெரியும். அவன் டேப்பைப் பிடித்துப் பார்த்தான். ஷட்டருக்கும் தரைக்கும் நடுவில் ஒன்பது அங்குலம். ஐந்துக்குக் கீழே போனால் சாந்தாமணி இரண்டாகிவிடுவாள். ஷட்டர் மணிக்கு ஓர் அங்குலம் இறங்குகிறது. ஆக, பதினொன்றரைக்குள் ஸ்பேனரோடு வந்தாக வேண்டும்.

ஓடி ஓடி வீட்டு நட்டுகளை எல்லாம் வெர்னியரில் அளந்து ஒரு சீட்டில் எழுதினான். ஷட்டர் பதினேழு. குழாய் பதினான்கு. ஃபேன் பன்னிரண்டு. கேட் பத்தொன்பது. ஸ்கூட்டருக்கு எட்டு. கடைசியாகத் தன் பிடரி நட்டையும் எழுதினான், பதின்மூன்று. மனிதர்களுக்குப் பிடரியில் ஒன்றே ஒன்றுதான். அவனுடையதைக் கல்யாணமான நாளிலிருந்து போன மாதம் வரை சனிக்கிழமை தவறாமல், எண்ணெய் தேய்த்துவிட்டு, சாந்தாமணிதான் முடுக்கிவிடுவாள். அப்போது ஒரு சுகம் வரும். அவன் அப்படியே தூங்கிப்போவான்.

"எல்லாத்தையும் அளந்துட்டீங்களா?" என்று கேட்டாள்.

எல்லாவற்றையும் அளந்தாயிற்று என்றான். அவள் தலையை ஆட்டினாள். கொஞ்ச நாளாக அவன் எது சொன்னாலும் அவள் இப்படித்தான் தலையை ஆட்டுகிறாள். இருபத்திரண்டு வருடம் கழித்தாவது நம் பேச்சுக்கு மரியாதை வந்ததே என்று உள்ளூர ஒரு சந்தோஷம் அவனுக்கு.

கிளம்பும்போது அவள் கூப்பிட்டாள். "ஏனுங்க, ஒரு பல்லுக்கு மேல குடுக்காதீங்க. மிக்ஸிக்குக் கால் சுண்டுவெரலக் குடுத்துப்போட்டு வந்தீங்க. அதே மிக்ஸிய எங்கக்கா ஒரு நகத்துக்கு வாங்குனா."

அது உண்மைதான். அந்த மிக்ஸியும் ஒரு வருடம் ஓடவில்லை.

அன்று கடைவீதி நீண்டிருந்தது. வழக்கமாகப் பத்து நிமிடத்தில் கடக்கிற தெரு. மலிவான சாமான் வாங்க வருகிறவர்களைக் கண்டால் அது நீளும். கார்களில் வந்தவர்கள் பட்டென்று இறங்கிக் கையை வீசிக்கொண்டு கடைக்குள் போனார்கள். நாச்சிமுத்து நடந்தான். ஒரு போலீஸ்காரர் வழியில் நிறுத்தி, எதற்கு நடக்கிறாய் என்று கேட்டு, பதிலை எழுதிக்கொண்டு, வயிற்றில் ஒரு குத்து விட்டு அனுப்பினார். குத்தியதற்கு ரசீதும் கொடுத்தார். நல்ல மனிதர்.

கடைக்குள் முதல் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஸ்பேனர்கள் வெல்வெட்டில் படுத்திருந்தன. ஜெர்மன் இரும்பு. தலைமுறைக்கும் வரும் என்றான் விற்பனைக்காரன். விலை, மணிக்கட்டோடு ஒரு கை. கையில்லாமல் எப்படி முடுக்குவது என்று நாச்சிமுத்து கேட்டான். அதற்கு வேலைக்கு ஆள் வைத்துக்கொள்வார்களாம். இரண்டாவது அறையில் இருந்த செட்டுக்கு மூன்று விரல். நாச்சிமுத்து தன் விரல்களைப் பார்த்தான். மிக்ஸியை நினைத்துக்கொண்டு மேலே நடந்தான்.

ஒரு பல்லுக்குக் கிடைக்கிற செட்டு கடைசி அறையில் இருந்தது. அந்த அறைக்குப் போகும் நடைவழி, போகப் போக வளர்ந்தது. சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தில் ஒன்பதே முக்கால். கொஞ்சம் ஓடிவிட்டுப் பார்த்தான். அதே கடிகாரம், பத்து. சனியன் பிடித்த நடை. அவன் சுவரில் தலையை ஓங்கி முட்டினான். வலி பொறுக்காமல் நடை சுருங்கியது. அறை வந்தது.

அங்கே ஒரே ஒரு செட்டு மிச்சம். சாக்குத்துணிப் பை. அதில் வரிசையாக எட்டு ஸ்பேனர்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாய், இரண்டு நம்பர். ஆறு–ஏழு தொடங்கி இருபது–இருபத்திரண்டு வரை. நாச்சிமுத்து பையின் ஒரு முனையைப் பிடித்தான். மறுமுனையை ஏற்கெனவே ஒருவர் பிடித்திருந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் என்றும் பெயர் சென்னியப்பன் என்றும் சொல்லி, பையை விடாமலே கும்பிட்டார்.

கல்லாவில் இருந்த அம்மாள் வெற்றிலையை மென்று முடித்தாள். "செட்டு ஒண்ணு. நீங்க ரெண்டு பேரு. பேசித் தீர்த்துக்கறதுன்னா வெளிய போயிருங்க. அடிச்சுத் தீர்த்துக்கறதுன்னா அந்த பெஞ்ச நகத்திப் போட்டுக்குங்க."

இருவரும் சேர்ந்து பெஞ்சை நகர்த்தினார்கள். சென்னியப்பன் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார்.

"நீங்க மொதல்ல அடிங்க" என்றார்.

"அய்யோ, நீங்க பெரியவங்க. நீங்க அடிங்க" என்றான் நாச்சிமுத்து.

"நீங்க தூரத்துல இருந்து வந்திருக்கறீங்க."

"பரவாயில்லீங்க."

இப்படியே ஐந்து நிமிடம் போனது. ஐந்து நிமிடம் என்றால் சாந்தாமணியின் முதுகில் எவ்வளவு என்று நாச்சிமுத்து மனதுக்குள் கணக்குப் போட்டான். போட்டதும் அடித்தான். சென்னியப்பனின் மூக்கு ஒரு பக்கமாகப் போனது. அவர் நன்றி சொல்லிவிட்டு இவன் காதைப் பிடித்துத் தலையைப் பெஞ்சில் மோதினார். போஸ்ட் ஆபீஸில் முத்திரை குத்திய கை. சும்மா சொல்லக் கூடாது, ஒவ்வொரு அடியும் விழுந்த இடத்தில் வட்டமாகப் பதிந்தது. நாச்சிமுத்து அவர் விலாவில் முழங்காலைக் கொடுத்தான். உள்ளே ஏதோ இரண்டு முறிந்தது. கண்ணாடியை மட்டும் உடைக்க வேண்டாம், படிக்க வேண்டியிருக்கிறது என்று அவர் கேட்டுக்கொண்டார். அவன் கண்ணாடியைக் கழற்றிக் கல்லாவில் வைத்துவிட்டு வந்து, தாடையில் ஒன்று விட்டான். அவர் உட்கார்ந்துவிட்டார்.

"நல்லா அடிச்சீங்க" என்றார் கோணிய வாயால்.

நாச்சிமுத்துக்கு வெட்கமாக இருந்தது. கல்லா அம்மாள் கட்டிங் பிளேயரைக் கொண்டுவந்து அவன் மேல்வரிசை முன்பல்லைப் பிடித்தாள். ஒரே இழுப்பு. பல்லை வெளிச்சத்தில் பார்த்து டப்பாவில் போட்டாள். வீட்டில் எல்லோருடைய நம்பரும் பார்த்தாயிற்றா, விற்ற செட்டை மாற்றித் தருவதில்லை என்றாள். ரத்தத்தைத் துப்பிவிட்டு, நான் அளவு பார்க்கிறவன் என்று நாச்சிமுத்து கொஞ்சம் கர்வமாகவே சொன்னான்.

படியிறங்கும்போது சென்னியப்பன் பின்னால் ஊர்ந்து வந்தார். தனக்கு முழு செட்டும் வேண்டாம், பத்து–பதினொன்று ஒன்று மட்டும் போதும் என்றார். "என்ற ஊட்டுக்காரி பத்துங்க. நேத்து ராத்திரி பூரா அவ தலையக் கையிலயே புடிச்சுட்டிருந்தேன். இப்ப பக்கத்து ஊட்டுப் புள்ள புடிச்சிட்டிருக்குது. அது காலேஜுக்குப் போகோணும்."

நாச்சிமுத்து சீட்டை எடுத்துப் பார்த்தான். பதினேழு, பதினான்கு, பன்னிரண்டு, பத்தொன்பது, எட்டு, பதின்மூன்று. பத்தும் இல்லை, பதினொன்றும் இல்லை. மேலிருந்து கீழாக ஒரு தடவை, கீழிருந்து மேலாக ஒரு தடவை. அவர் தாடை தொங்கிக்கொண்டிருந்தது. தான் தொங்கவிட்ட தாடை. மனசு கேட்கவில்லை. பையிலிருந்து உருவிக் கொடுத்துவிட்டான். அவர் அழுதார். கையெடுத்துக் கும்பிட்டார். மனிதருக்கு மனிதர் உதவாவிட்டால் எப்படி என்று நாச்சிமுத்து சொன்னான். திரும்பி வரும் தெரு முழுக்க அந்த வாசகத்தை இரண்டு மூன்று தரம் தனக்கே சொல்லிக்கொண்டான். திரும்பும்போது தெரு நீளவில்லை.

வீட்டுக்கு வந்தபோது பதினொன்று இருபது. சாந்தாமணியின் உதடு நீலமாகியிருந்தது. கிண்ணம் நிறைய உரித்த வெங்காயம். பேச மூச்சில்லாமல் கண்ணால் ஷட்டரைக் காட்டினாள்.

அவன் பதினேழாம் நம்பரை எடுத்துப் பாய்ந்தான். ஷட்டர் விடவில்லை. அவன் இடது கையை மடக்கி உள்ளே இழுத்து நடுவிரலை முறித்தது. அவன் வலது கையால் நட்டைப் பிடித்தான். மலிவு இரும்பு, வழுக்கியது. ஷட்டர் அவன் நெற்றியில் அடித்தது. கண்ணில் ரத்தம் இறங்கி ஒன்றும் தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன, இருபத்தாறு வருடக் கை. தேவடியா மகனே, விடுடா அவளை, என்று வாழ்க்கையில் முதல்முறையாகக் கெட்ட வார்த்தை சொல்லி, உடம்பையெல்லாம் கொடுத்துத் திருகினான். நட்டு இறுகியது. ஷட்டர் ஒரு முனகலோடு மேலே போய்ச் சுருண்டு, நல்ல பிள்ளையாக நின்றது.

சாந்தாமணி எழுந்து உட்கார்ந்தாள். மூச்சு வாங்கினாள். முதுகில் குறுக்கே ஒரு நீலக் கோடு. மற்றபடி முழுசாக இருந்தாள். நாச்சிமுத்துக்கு அழுகை வந்துவிட்டது.

"எத்தனைக்கு?" என்று கேட்டாள்.

அவன் வாயைத் திறந்து ஓட்டையைக் காட்டினான். ஒரே ஒரு பல். அவள் முகம் மலர்ந்தது. கல்யாணமானதிலிருந்து அவன் ஏமாறாமல் வாங்கி வந்த முதல் சாமான். அவள் சிரித்தாள். சிரித்ததில் தலை முன்னால் சரிந்தது. சரிந்த தலை நிற்கவில்லை. அவன் பாய்ந்து இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தான்.

"ராஜாமணியக்கா போனதுல இருந்தே லூஸா இருக்குதுங்க" என்றாள், அவன் உள்ளங்கைகளுக்குள்ளிருந்து. "அவிய இருந்தவரைக்கும் அவியதான் முடுக்குவாங்க."

அப்படியென்றால் இந்த ஒரு மாதமாக அவள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது...

நாச்சிமுத்து தலையைக் கழுத்தில் பொருத்தி ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அவள் கூந்தலை ஒதுக்கினான். இருபத்திரண்டு வருடத்தில் அந்த இடத்தை அவன் பார்த்ததில்லை. சின்ன நட்டு. பித்தளை. சுற்றிலும் வேர்வையும் எண்ணெயும் படிந்து மஞ்சளாக மின்னியது. இவ்வளவு அழகாக இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. முறிந்த விரலோடேயே வெர்னியரை எடுத்து வைத்துப் பார்த்தான். துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தான்.

பத்து.

பையைக் காலால் விரித்தான். எட்டு–ஒன்பதுக்கும் பன்னிரண்டு–பதின்மூன்றுக்கும் நடுவில் சாக்குத்துணி வெறுமையாக இருந்தது. ஒன்பது நுழையவில்லை. பன்னிரண்டு சும்மா சுற்றியது. சென்னியப்பனின் விலாசத்தை அவன் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. மரை ஒவ்வொரு சுற்றாகக் கழன்றுகொண்டிருந்தது. இன்னும் இரண்டு சுற்றுதான் மிச்சம். கையை எடுத்தால் ஒரு சுற்று.

அவன் குனிந்து நட்டைப் பல்லால் கவ்வினான். நட்டு முன்பல் இருந்த ஓட்டைக்குள் நழுவியது. தலையைச் சாய்த்து, கடைவாய்க்கு அருகில் வைத்துக் கடித்தான். நின்றது. எண்ணெயும் பித்தளையும் அவன் ரத்தமும் நாக்கில் ருசித்தன. அவள் கூந்தலில் வெங்காய வாசனை.

"ஏனுங்க" என்றாள் சாந்தாமணி. தலை நேராக நின்றதில் குரல் தெளிந்திருந்தது. "நான் எந்த நம்பருங்க?"

பதில் சொல்ல வேண்டுமானால் வாயைத் திறக்க வேண்டும்.

பரவாயில்லை, சாவகாசமாகச் சொல்லுங்கள் என்றாள். கை நீட்டி, சிதறியிருந்த வெங்காயத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டாள். அவள் குனிந்தபோது அவனும் கூடவே குனிந்தான். பின்னால் வாசல் கேட் கீலிலிருந்து கழன்று நடந்து வருகிற சத்தம் கேட்டது. அது வந்து அவன் விலாவில் அடித்தது. மறுபடியும் ஓங்கி அடித்தது. நாச்சிமுத்து வாயைத் திறக்கவில்லை.