தலைவரின் பாதி மீசை

கெடார் ரோட்டோரப் பாறையில் இருந்த தலைவர் சக்கரபாணியின் மீசையில் பாதி, செவ்வாய்க்கிழமை மத்தியானம் கீழே விழுந்தது. கூடவே இடது கன்னமும் விழுந்தது. முறம் அகலத்துக்கு ஒரு கல் பத்தை.

அந்த முகத்தை வரைந்தவர் விருத்தாசலம். பஞ்சாயத்தில் சுவரெழுத்து வேலையெல்லாம் அவருக்குத்தான். பொழுது சாய்வதற்குள் ஊர் முடிவு பண்ணிவிட்டது. போன தேர்தலில் தோற்ற அப்பாதுரை சொல்லி, விருத்தாசலம்தான் உளி வைத்துப் பெயர்த்துவிட்டார். மறுநாள் காலை பாறைக்கு வரச் சொல்லித் தலைவர் ஆள் அனுப்பினார். அவர் வேண்டாம் என்றால் விருத்தாசலத்துக்கு அந்தப் பக்கத்தில் வெள்ளையடிக்கக்கூட ஒரு சுவர் கிடைக்காது.

விருத்தாசலத்தின் மகள் வெண்ணிலா ஜியாலஜி படித்தவள். திண்டிவனத்தில் கல் உடைக்கிற ஒரு கிரஷர் ஆபீஸில் லாரி நம்பர் டைப் செய்கிறாள். அன்றைக்கு லீவு சொல்லிவிட்டு, சுத்தியலைப் பையில் போட்டுக்கொண்டு அப்பாவோடு போனாள். கல்லூரியிலிருந்து திருவக்கரைக்குக் கல்மரம் பார்க்கப் போனபோது வாங்கிய சுத்தியல். அங்கே எதையும் தட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் இன்னும் புதிதாகவே இருந்தது.

பாறையடியில் பத்துப் பேர் நின்றார்கள்.

"பொண்ணு எதுக்குய்யா?" என்றார் தலைவர்.

"அது கல்லு படிச்சிருக்குது, தலைவரே."

"அப்போ சொல்லும்மா. யாரு பண்ணது?"

"வெயிலுங்க," என்றாள் வெண்ணிலா, பாறையைப் பார்த்து.

"எந்த ஊரு வெயிலு?" என்றான் தலைவரின் கார் ஓட்டும் தேவநாதன். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"பகல்ல மேல்கல்லு சூடாகி விரியும். உள்கல்லு அப்படியே கெடக்கும். ராத்திரி மேல்கல்லு ஆறி சுருங்கும். தெனமும் இப்படியே ஆனா நடுவுல விரிசல் உடும். மழத்தண்ணி எறங்கி இன்னும் கெடுக்கும். அப்புறம் வெங்காயத் தோலு மாதிரி உரிஞ்சிக்கினு வரும்."

"எத்தினி நாளா உரியுது?"

"பல ஆயிரம் வருஷமாங்க."

தலைவர் யோசித்தார். "நான் ஜெயிச்சே மூணு வருஷந்தான் ஆவுது."

வெண்ணிலா குனிந்து விழுந்த பத்தையைப் புரட்டினாள். அடிப்பக்கம் துருப்பிடித்த மாதிரிச் சிவந்திருந்தது. நூல் நூலாக வேர் ஓடியிருந்தது. எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடின.

"உளி வெச்சிருந்தா புதுசா உடைஞ்ச மாதிரி பளிச்சுனு இருக்கும். இது ரொம்ப நாளாவே விரிசல் உட்டுக்கினு இருந்திருக்குது."

தலைவர் எறும்புகளைப் பார்த்தார். அவை அப்பாதுரையின் ஆட்களாகத் தெரியவில்லை.

"மிச்ச மீசை?"

அவள் சுத்தியலால் தட்டினாள். டொப் என்றது. நெற்றியும் டொப். வணங்கிய கை இரண்டும் டொப். புளியமர நிழல் விழுகிற ஓரத்தில் மட்டும் டக் என்றது.

"டொப்புனா?"

"அதுவும் விழுங்க."

"தேர்தலுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"எங்க பாடத்துல அது இல்லீங்க."

"உரியாத பாறையா ஒண்ணு சொல்லேன். திண்டிவனம் பக்கம் இருக்குமா?"

"அங்க உரியறதுக்குள்ள நாங்களே ஒடைச்சிடறோம்ங்க."

தலைவர் பாறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "யோவ் விருத்தாசலம், என்னை அந்த டக்குல போடு. சின்னதா இருந்தாலும் பரவால்ல. இந்தப் பெரிய எடத்த அப்பாதுரைக்கு உட்டுடலாம். நான் தாராளமா உட்டேன்னு சொல்லு. அதையும் நீயே எழுது."

பஸ்ஸுக்கு நடக்கும்போது விருத்தாசலம் மகளிடம் கேட்டார்.

"மூஞ்சிக்குப் பின்னாடி கறுப்பு அடிச்சிருந்தேனே. அதுல சூடு ஜாஸ்தியா?"

"ஆமாப்பா."

"அவருகிட்ட சொல்லலியே."

"யாரு பண்ணதுன்னுதான் கேட்டாரு. பெயிண்ட்டப் பத்தி கேக்கல."

ராத்திரி அப்பாதுரையே போன் செய்தார். தன் முகத்துக்குப் பின்னால் கறுப்பு வேண்டும், தூரத்திலிருந்தே தெரியும் என்றார். விருத்தாசலம் மகளைப் பார்த்தார். அவள் சோற்றுத் தட்டைப் பார்த்தபடி வேண்டாமென்று தலையை ஆட்டினாள்.

"வெள்ள அடிச்சிடலாம்ணே," என்றார் விருத்தாசலம். "மீசை எடுப்பா தெரியும்."