ராஜாவுக்கு எந்தத் தாடி

சித்தப்பாவின் பட்டறையில் மியூசியத்துக்காகப் பழைய காலத்துக் கோயில்களையும் ராஜாக்களையும் சாமிகளையும் பிளாஸ்டரில் செய்வோம். பிளாஸ்டர் மாவு கலக்குவது என் வேலை. அக்காவும் இவ்வளவு நாள் அதைத்தான் செய்தாள். இந்த எகிப்து ராஜாவை மட்டும் சித்தப்பா முதல்முறையாக அவளிடமே விட்டிருந்தார். மியூசியம் மேடத்துக்குப் பிடித்துவிட்டால் அடுத்து வரும் மெசபடோமியாக் கோயிலும் அவளுக்கு. இல்லையென்றால் மறுபடி மாவு வாளிதான்.

ராஜா முழங்கால் உயரம். மேடம் அனுப்பியிருந்த படத்தில் உள்ளபடியே உடம்பெல்லாம் துணி சுற்றி, மார்பில் கைகளைக் குறுக்கே வைத்து, அரண்மனைத் தூணில் சாய்ந்து நிற்பார்.

"எதுக்குச் சித்தப்பா இப்படிப் போத்திக்கிட்டு நிக்கிறாரு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அவ்ளோ பெரிய அரண்மனை. குளிராதா?" என்றார்.

தாடி மட்டும் தனி வார்ப்பு. உயிரோடு இருக்கும் ராஜாவுக்கு நேராக இறங்கும் தாடி. செத்துச் சாமியாகிவிட்டவருக்கு நுனி முன்னால் வளைந்த தாடி. இரண்டும் ஒரே டப்பாவில் கிடந்தன.

மேடம் வரவேண்டிய காலையில் சித்தப்பா ராஜாவைக் குனிந்து பார்த்தார்.

"அடிப்பாவி! நல்லா இருந்த மனுஷனை வீட்டு வாசல்லயே சாகடிச்சிட்டியேடி!"

வளைந்த தாடி. பசை கல்லாகியிருந்தது. அக்கா லேசாக அசைத்தாள். தாடைக்குள் நறுக்கென்று ஒரு சத்தம். சட்டென்று கையை எடுத்துவிட்டாள்.

"நுனியை மட்டும் ராவிடட்டுமா?"

"ராவினா ஆட்டுத்தாடி ஆயிடும். ஒண்ணும் பண்ணாத. நீ மாவே கலக்கு தாயே."

அக்கா மூக்கை உறிஞ்சினாள். வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம். சித்தப்பா ஓடிப்போய் ராஜாவை மறைத்துக்கொண்டு நின்றார்.

"கொஞ்சம் நகருங்க சார். உங்களைப் பார்க்க வரல," என்றார் மேடம்.

நெடுநேரம் குனிந்து பார்த்தார். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் எனக்கு வலித்தது.

"பரவாயில்லையே, தாடியைக்கூடச் சரியா வெச்சிருக்கீங்க! நேர்த்தாடியை ஒட்டிடுவீங்களோன்னு பயந்துக்கிட்டே வந்தேன்."

"அரண்மனை..." என்று இழுத்தார் சித்தப்பா.

"எந்த அரண்மனை? செத்த ராஜாவைக் கும்பிடறதுக்குக் கட்டின கோயில் சார் இது. படத்துக்குக் கீழேயே எழுதியிருந்தேனே. அதனாலதானே பிணத்துக்குச் சுத்தற மாதிரி துணி?"

'அப்ப குளிர் இல்லையா' என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"யாரு ஒட்டினது?"

சித்தப்பா அக்காவைக் காட்டினார். "எங்க அண்ணன் பொண்ணு."

"இல்ல மேடம், டப்பாவுல கைக்கு எது வந்துச்சோ அதை..." என்று ஆரம்பித்தாள் அக்கா.

சித்தப்பாவுக்குத் திடீரென்று பலமான இருமல். "மேடத்துக்கு டீ கொண்டா!" என்று இருமலுக்கு நடுவில் கத்தினார்.

கார் போன பிறகு அக்கா பிளாஸ்டர் மூட்டைமேல் தொப்பென்று உட்கார்ந்து சிரித்தாள். பிறகு அழுதாள். முகமெல்லாம் வெள்ளை மாவு. சித்தப்பா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எகிப்துப் படத்துக்குக் கீழே எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல் படித்தார்.

அப்புறம் அடுத்த படத்தைச் சுருள் பிரித்து அக்கா முன்னால் வைத்தார். படிப்படியாக ஏறும் செங்கல் கோயில், அதன் நிலாச் சாமி.

"இந்த ஆளுக்கும் தாடி இருக்கு, பார்த்துக்கோ."

"கேட்டுட்டுத்தான் ஒட்டுவேன் சித்தப்பா."

"என்னைக் கேக்காத. மேடத்துக்குப் போன் போடு."