ஆனி பன்னிரண்டு

...ஆக, டி.வி.யில் வருகிறது, கைபேசியில் வருகிறது, மாடியில் குடியிருக்கும் மொக்கம்மாள் அக்கா ஓசியில் பாஸ்வேர்டு வாங்கிப் பார்க்கும் சீரியலில்கூட ஒரு தடங்கல் இல்லாமல் வருகிறது, இந்த வீட்டில் நெட் வராத ஒரே பொருள் முத்துப்பிரியாவின் கம்ப்யூட்டர்தான், அதுவும் இன்றைக்குத்தான், பதினொரு மணிக்கு இன்டர்வியூ இருக்கிற நாளில். மணி பத்தே கால். மோடத்தை நான்காவது தடவையாக அணைத்தாள், முப்பது எண்ணினாள், போட்டாள். பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண் திறந்தன, தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதுபோல. திரையில் மறுபடியும் அதே வெள்ளைப் பக்கம், அதன் நடுவே இங்கிலீஷில் ஏதோ நாலு வரி, வாசிக்க யாருக்குப் பொறுமை, மூடினாள், திறந்தாள், மூடினாள். கைபேசியிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுத்தாள், அப்போதும் அதே பக்கம். கைபேசியிலேயே பேசிவிடலாம் என்றால் அந்தக் கோயம்புத்தூர் கம்பெனி ஒத்துக்கொள்ளாது, டாக்டர்கள் பேசிப் பதிந்ததைக் கேட்டு அப்படியே டைப் அடிக்க வேண்டும், அதுதான் வேலை, அதுதான் பரீட்சை, கம்ப்யூட்டரில்தான் வர வேண்டும் என்று கடிதத்தில் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறார்கள்... வரவில்லையென்றால் வேறு ஆள் என்றும்.

பிரதீப் பார்த்த வேலைதான் இது. வேறு யார்? நேற்றுச் சாயங்காலம் இதே நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான், புதிதாகத் திறக்கும் ஏலக்காய்க் கடைக்குச் சொல்லியிருந்த கம்ப்யூட்டர் வந்தபாடில்லை, முதல் பில்லை மட்டும் உன்னுதில் போட்டுக்கொள்கிறேன் என்று. ஒரு பில் போட ஒரு மணி நேரமா? நல்ல புருசன், பெண்டாட்டி வேலைக்குப் போய்விடக் கூடாதென்று எதையோ பூட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். மூன்று நாளைக்கு முன்னால் சாப்பிட்டுக்கொண்டே சொன்னானே, தலையைக்கூட நிமிர்த்தாமல், "ஆடியில புதுசா எதையும் தொடங்காதங்கிறேன். ஆவணிக்கு வைங்கன்னு கேளேன், அவங்களும் தமிழாளுகதான?" அவங்க கம்பெனியில ஆடியெல்லாம் கிடையாது என்றதற்கு, "நம்ம வீட்டுல உண்டுல்ல" என்று ரசத்தை ஊற்றிக்கொண்டான். போன வருடமும் இப்படித்தான், மதுரைக்காரர்கள் வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை கொடுத்தார்கள், ஆடி போகட்டும் என்று இருந்தாள், ஆவணி பிறந்து கூப்பிட்டபோது அந்த இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கு விடப்போவதில்லை. போன் அடித்தாள். விடியற்காலையில் ஏலக்காய் எடுக்க ஜீப்பில் மலையேறியவன், போடிமெட்டு தாண்டினால் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும், ஆனாலும் எடுத்தான். கம்ப்யூட்டர்ல என்ன பண்ணி வச்சீங்க? "நான் என்னத்தப் பண்ணேன்? பில்லுதான் போட்டேன். இங்க லோடு ஏறுது, எஸ்டேட்டு சேட்டன் பக்கத்துல நிக்கிறாரு, வச்சிர்றேன்." வைத்துவிட்டான். சேட்டன் நின்றால் பெண்டாட்டி காத்திருக்கலாம், கோயம்புத்தூர் காத்திருக்கலாம், உலகமே காத்திருக்கலாம்...

பத்தரை. நெட் லைன் போட்டுக் கொடுத்த உக்கிரபாண்டியைப் போனில் பிடித்தாள், பெயரில்தான் உக்கிரம், ஆள் எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர். "லைனு தேர் வடம் கணக்கா கெட்டியா இருக்கு தங்கச்சி. கோளாறு ஒங்க பொட்டிக்குள்ளதான்." வந்து பாருங்கண்ணே என்றால், "தேவாரத்துக்கிட்ட ஒரு கம்பத்து மேல இருக்கேன். யானை சாச்ச கம்பம். அது திரும்பி வரங்குள்ள நான் எறங்கணும்" என்கிறார், சிரிப்பு வேறு. அவள் பல்லைக் கடித்தாள். "சரி, திரையில என்ன போட்டிருக்கு?" என்னமோ போட்டிருக்கு. "அந்த என்னமோவ வாசிங்க." வாசித்தாள், காலையிலிருந்து இருபது தடவை மூடிய பக்கத்தை முதல்தடவையாக. உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது. என்ன பின்தங்கல், மூலையில் மணி பத்து நாற்பத்தொன்று, சுவர்க் கடிகாரத்திலும் அதேதான். "மணிய விடுங்க, அதுக்குக் கீழ தேதி?" ஜூன் இருபத்தேழு. இன்றைக்கு ஆகஸ்ட் ஐந்து. "அப்பறம் எப்படி உள்ள விடுவான்? தேதி தப்புன டிக்கெட்ட வச்சிக்கிட்டு ரயில்ல ஏறுனா எறக்கி விட்ருவான்ல தங்கச்சி, அந்தக் கதைதான்." எறக்கி விட்டது யார் என்று அவளுக்குத் தெரியும்.

இன்றைக்கு ஜூன் இருபத்தேழு என்றால் நேற்று அதில் ஜூன் இருபத்தாறு, ஆனி பன்னிரண்டு. காலண்டரைப் பார்க்கவே வேண்டாம், ஏலக்காய்க் கடை திறப்பதற்கு பிரதீப் குறித்து வைத்திருந்த நாள், ஷட்டர் வந்து சேராமல் தள்ளிப்போய், தள்ளிப்போய் ஆடிக்குள் விழுந்த நாள். சாமி படத்துக்குக் கீழே அந்த முதல் பில் இருந்தது, நாலு மூலையிலும் மஞ்சள், நடுவில் காலையில் விளக்கேற்றும்போது அவள் கையாலேயே வைத்த குங்குமம். எடுத்துப் பார்த்தாள். தேதி, ஜூன் இருபத்தாறு. அட. ஆடியில் எதையும் தொடங்கக் கூடாது, அதனால் ஐயா ஆடியையே பின்னால் தள்ளிவிட்டார், நாற்பது நாளைக் கயிற்றில் கட்டி இழுத்துக் கொண்டுவந்து கடைக்கு நல்ல நாள் பார்த்துவிட்டார், பார்த்துவிட்டுத் தேதியைத் திரும்ப மாற்றக்கூட மறந்துவிட்டார். வேண்டுமென்று பூட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். இது மறதி, அவள் நினைப்பே இல்லாத மறதி. அவன் கடை என்றால் மாதம் நகரும், அவள் வேலை என்றால் மாதம் சுவராக நிற்கும், அதில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டும், அப்படித்தானே? எட்டு வருடம் இந்த ஆளோடு... விரல் வலிக்க வலிக்க மவுசை அழுத்தித் தேதியை மாற்றினாள். ஆகஸ்ட் ஐந்து, ஆடி இருபது, இருக்கட்டும், ஆடியாகவே இருக்கட்டும். பக்கம் சட்டென்று திறந்தது.

பத்து ஐம்பத்தெட்டு. முகத்தைத் துடைத்துக்கொண்டாள். டாக்டர் ஒருவர் நுரையீரலைப் பற்றி மூச்சுவிடாமல் பேசினார், அவள் அடித்தாள், கோபம் முழுவதும் விரலுக்கு இறங்கி, இத்தனை வேகம் தனக்குள் இருந்ததா என்று அவளே மலைக்கும்படி அடித்தாள். திரையில் இருந்த பெண் சிரித்தாள். "ரொம்ப நல்லா பண்ணீங்க முத்துப்பிரியா. வர்ற திங்கட்கிழமை சேர்ந்துக்கிறீங்களா?"

"பதினேழாம் தேதிக்கு மேலன்னா நல்லாயிருக்கும் மேடம்."

வாயிலிருந்து வந்துவிட்டது. பதினேழு, ஆவணி ஒன்று. யார் சொன்னது? பிரதீப் மலைமேல் இருக்கிறான், வீட்டில் வேறு ஆள் இல்லை, மோடத்தில் பச்சை விளக்குகள் எரிந்துகொண்டிருக்கின்றன. "ஏன், அதுக்கு முன்னாடி ஏதாவது இருக்கா?" என்று அந்தப் பெண் கேட்டாள், கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். முத்துப்பிரியா குனிந்து விசைப்பலகையைப் பார்த்தாள். காலையில் சரியாகத் துடைக்காத விரல் பட்ட இடமெல்லாம், எழுத்துக்கு எழுத்து, குங்குமம்.